25 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர்: நம் ஊர் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏற்பக் கட்டுவது எப்படி?

#1 செந்தூல் சுருதி

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாகப் பொருள்களைச் சேர்த்து வைத்த பிறகு, நெல்சன் பாஸ் வடிவமைத்த எஃப்5 ஆம்ப்ளிஃபயரைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு 25 வாட், முழுக்க முழுக்க கிளாஸ் ஏ (வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் ஓயாத வகை). ஒலிச்சைகை உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஜோடி ஜேஃபெட் டிரான்சிஸ்டர், வெளியேறும் இடத்தில் ஐஆர்எஃப்பி 240, ஐஆர்எஃப்பி 9240 என்று ஒரு ஜோடி மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், நேரும் எதிருமாக 24 வோல்ட் ஆகியவையே சுற்றின் உடல். ஓய்வு நிலையில் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டிலும் 1.3 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒரு பக்கத்துக்கு 62 வாட் வெப்பம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 125 வாட் வெப்பம் ஹீட்சிங்க்கில் (வெப்பத்தைக் காற்றில் விடும் அலுமினியத் துடுப்பில்) இறங்குகிறது.

என் கவலை அந்த வெப்பத்தைப் பற்றியது. நான் படிக்கும் கட்டுரைகள் எல்லாம் 25 டிகிரி அறையையே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கோலாலம்பூர் செந்தூலில் என் தொடர்வீட்டின் மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானி 32 டிகிரி காட்டுகிறது. அந்த அறையில் ஏர்கோன் இல்லை, மேல் விசிறி மட்டுமே இருக்கிறது. அதோடு, நான் வாங்கிய டொராய்ட் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது; என் வீட்டுச் சுவரிலோ இரவு நேரத்தில் 245 வோல்ட் வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவம் உள்ளவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினால் ஹீட்சிங்க் வாங்குவதற்கு முன் தெளிவு பெறுவேன்.

#2 பாயான் பாரு

தம்பி, ஹீட்சிங்க் வாங்குவதற்கு முன் கேட்டது நல்லது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் பாகங்களை அடுப்பில் வைத்து ஆயுளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், இந்தக் கணக்கை முழுமையாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் மின்சாரம். 2008 முதல் நம் மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட் என்றாலும், மேலே 10 விழுக்காடு வரை அனுமதி இருப்பதால் 253 வோல்ட் வரை வருவது விதிக்கு உட்பட்டதே. 245 வோல்ட் என்பது 6.5 விழுக்காடு கூடுதல். டிரான்ஸ்ஃபார்மரின் 18 வோல்ட் வெளியீட்டுச் சுற்று 19.2 ஆகிறது, அதை 1.414ஆல் பெருக்கி, டயோடு இழப்பாக 1.4 வோல்ட் கழித்தால் 24க்குப் பதில் 25.7 வோல்ட் கிடைக்கும். அப்படியானால் ஒரு பக்கத்தின் வெப்பம் 62 வாட் அன்று, 67 வாட்.

அடுத்தது அறை. ஹீட்சிங்க் 55 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று நாம் எல்லை வைத்தால், 25 டிகிரி அறையில் அது 30 டிகிரி ஏற இடம் உண்டு; உங்கள் அறையில் 23 டிகிரிதான். முப்பதை 62ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.48 டிகிரி, 23ஐ 67ஆல் வகுத்தால் 0.34 டிகிரி. இந்த எண் சிறியதாக ஆக ஆக ஹீட்சிங்க் பெரியதாக வேண்டும். குளிர்நாட்டுக்காரர் போதும் என்று எழுதிய ஹீட்சிங்கை விட உங்களுக்குத் தேவையானது ஏறத்தாழ 40 விழுக்காடு திறன் கூடியதாக இருக்க வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒன்று.

மாஸ்ஃபெட் பொசுங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஒன்றுக்கு 33 வாட். உள்ளே உள்ள சிலிக்கானிலிருந்து உறை வரை வாட்டுக்கு 0.83 டிகிரி, உறையிலிருந்து மின்காப்பு மைக்காத் தகடு வழியாக ஹீட்சிங்க் வரை சுமார் அரை டிகிரி. கூட்டினால் சிலிக்கான் 100 டிகிரியில் நிற்கும். அதன் எல்லை 150. முதலில் சாகப்போவது மாஸ்ஃபெட் அன்று, பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டர்தான். 85 டிகிரிக்கு 2,000 மணி நேரம் என்று உறுதி கூறப்பட்ட மின்பகு கெபாசிட்டர், பத்து டிகிரி குறையும்தோறும் இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது எங்கள் துறையின் கைக்கணக்கு. பெட்டிக்குள் 55 டிகிரி என்றால் 16,000 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால் பதினொரு ஆண்டு. அதே பெட்டி 65 டிகிரிக்குப் போனால் ஐந்தரை ஆண்டு. கெபாசிட்டரைக் கண்டிப்பாக 105 டிகிரி வகையாக வாங்குங்கள்; விலை வேறுபாடு அற்பம்.

#3 ஆயர் ஈத்தாம் வானொலி

பாயான் பாரு அண்ணன் போட்ட கணக்கில் குறை இல்லை. ஆனாலும் 25 வாட் வேண்டுமா என்பதைத் தம்பி ஒருமுறை யோசிக்கலாம் என்பது என் கருத்து. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட பத்து வாட் கிளாஸ் ஏ சுற்றைக் கட்டிப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு நான்கே டிரான்சிஸ்டர். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். அப்படியென்றால் பக்கத்துக்கு 32 வாட் வெப்பம், எஃப்5இல் பாதி. ஒற்றை மின்னழுத்தத்தில் ஓடுவதால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும்; அது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது ஒரு காவலாள். உள்ளே ஏதாவது பழுதாகி நேர்மின்சாரம் கிளம்பினாலும் ஸ்பீக்கரைத் தொடாது.

பழைய ஹீட்சிங்க் தேடுகிறவர்கள் ஞாயிறு காலையில் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைச் சுற்றிப் பார்க்கலாம். கழற்றிப் போட்ட இயந்திரங்களிலிருந்து வந்த கனமான அலுமினியத் துண்டுகளை அங்கே பார்த்திருக்கிறேன். துடுப்புகளுக்கு இடையே எட்டு முதல் பத்து மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கமாக உள்ளவை விசிறி வைத்து ஊதுவதற்கென்று செய்யப்பட்டவை, தானாக எழும் காற்றுக்கு உதவா.

#4 செந்தூல் சுருதி

பாயான் பாரு அண்ணன், மிக்க நன்றி. கெபாசிட்டரின் ஆயுளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆயர் ஈத்தாம் ஐயா, உங்கள் யோசனையை மதிக்கிறேன். என் ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல்தான். பத்து வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 96 டெசிபல், 25 வாட்டில் 100. மெல்லிசைக்குப் பத்து வாட் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் அதிகம் கேட்பது நாதஸ்வரமும் தவிலும். கோயில் மண்டபத்தில் பதிவு செய்த கச்சேரிகளில் தவிலின் தொப்பியில் (குச்சியால் அடிக்கும் பக்கத்தில்) விழும் அடி சராசரியை விடப் பல மடங்கு உயரத்துக்கு ஒரு கணம் எழுந்துவிட்டு அடங்கும். அந்தக் கணத்தில் ஆம்ப்ளிஃபயர் முட்டிக்கொண்டு நின்றால் அடி மழுங்கிவிடும். அந்த நான்கு டெசிபலுக்காகவே இந்தப் பாடு.

#5 பிரிக்ஃபீல்ட்ஸ் புதியவள்

நான் இத்துறைக்குப் புதியவள். தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஆம்ப்ளிஃபயர்களில் பல கிளாஸ் ஏபி அல்லது கிளாஸ் டி வகை என்றும், அவை இவ்வளவு சூடாவதில்லை என்றும் படித்தேன். அப்படியிருக்க, 125 வாட்டை வெறுமே காற்றில் விடுவதற்கு ஈடாக நாம் பெறுவது என்ன?

#6 பாயான் பாரு

தங்கை, அடிப்படையான கேள்வி. ஏபி வகையில் மேலே உள்ள டிரான்சிஸ்டர் அலையின் நேர்ப்பகுதியையும் கீழே உள்ளது எதிர்ப்பகுதியையும் சுமக்கின்றன. ஒன்று ஓய்ந்து மற்றது எழும் அந்த நடுக்கோட்டில், கை மாறும் இடத்தில், ஒரு சிறு தழும்பு விழுகிறது. நன்றாக வடிவமைத்த ஏபி ஆம்ப்ளிஃபயரில் அது மிகமிகச் சிறியது. இல்லை என்று சொல்ல முடியாது. ஒலி பெரிதாக இருக்கும்போது தழும்பு அதில் மறைந்துவிடும். வீணையின் நாதம் தேய்ந்து அடங்கும் வேளையில் ஒலி சுருங்குகிறது, தழும்பு அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஆகவே அமைதியான இடத்தில்தான் அதன் பங்கு கூடுகிறது. கிளாஸ் ஏ வகையில் இரண்டு டிரான்சிஸ்டரும் எந்தக் கணத்திலும் ஓய்வதில்லை, ஆகவே கைமாற்றமே இல்லை. அதற்கு விலை, ஸ்பீக்கர் கேட்கக்கூடிய உச்ச மின்னோட்டத்தில் பாதியை எப்போதும் ஓடவிட வேண்டும். எட்டு ஓமில் 25 வாட் என்றால் உச்சம் 2.5 ஆம்பியர், பாதி 1.25. எஃப்5இன் 1.3 ஆம்பியர் அங்கிருந்து வந்ததுதான்.

இதிலிருந்தே தம்பி சுருதிக்கு இன்னொரு வழியும் கிடைக்கிறது. 1.3க்குப் பதில் 1.15 ஆம்பியர் வைத்தால் உச்சம் 2.3 ஆம்பியர், அதாவது 21 வாட் வரை தூய கிளாஸ் ஏ. அதற்கு மேல் ஏபியாக நழுவும், ஒலி அறுந்துவிடாது. 1.3 ஆம்பியர் தரும் 27 வாட்டிலிருந்து 21 வாட்டுக்கு இறங்குவது ஒரு டெசிபல் அளவுதான். வெப்பமோ ஒரு பக்கத்துக்கு ஏழு எட்டு வாட் குறைந்துவிடும். நம் தட்பவெப்பத்தில் இது நியாயமான பேரம் என்பேன்.

#7 புடு பட்டறை

நான் பழுது பார்க்கும் தொழில் செய்பவன். ஹீட்சிங்கைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கிளாஸ் ஏவில் பாதிப் பணம் விழுங்குவது மின்வழங்கிதான், அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஏபி ஆம்ப்ளிஃபயரில் பாட்டு நின்றால் மின்வழங்கி ஓய்வெடுக்கும். இங்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 2.6 ஆம்பியர் இடைவிடாமல் இழுக்கப்படுகிறது, ஆகையால் சிற்றலையும் (நேர்மின்னழுத்தத்தில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) இடைவிடாமல் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முழு அலையாகத் திருத்தப்பட்டதும் 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஒரு புறத்துக்கு 40,000 மைக்ரோஃபாரட் வைத்தாலும் சிற்றலை 0.65 வோல்ட் நிற்கும். இன்னும் கெபாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு. அதற்குப் பதில் ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு 40,000 மைக்ரோஃபாரட் வையுங்கள். சிற்றலை ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். அந்த ரெசிஸ்டர் 0.57 வோல்ட்டைத் தின்னும், ஒன்றரை வாட் சூடாகும். ஐந்து வாட் வகை போடுங்கள். பாயான் பாரு அண்ணன் கவலைப்பட்ட 25.7 வோல்ட்டில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துபோவது கூடுதல் நன்மை.

டிரான்ஸ்ஃபார்மர் 300 விஏக்குக் (வோல்ட்-ஆம்பியர்) குறைய வேண்டாம். கெபாசிட்டர் நிரம்பும் துடிப்புகளால், நேர்மின்னோட்டத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு மின்னோட்டம் சுற்றில் ஓடும். கணக்குப்படி 170 விஏ ஆகிறது. மிச்சம் உள்ள இடம் அது குளிர்ச்சியாக, முனகாமல் இருப்பதற்கு. தொடக்கத்தில் கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால் பெருமின்னோட்டம் பாயும். முதன்மைச் சுற்றோடு ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (குளிரில் தடை கூடி, சூடானதும் தடை குறையும் பாகம்) கட்டாயம். மெதுவாக உருகும் 2.5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மும்முனைப் பிளக்கில் வரும் 13 ஆம்பியர் ஃபியூஸையும் கழற்றிவிட்டு 3 ஆம்பியர் போடுவது நல்லது.

ஜேஃபெட்டில் கவனம். தோஷிபா 2எஸ்கே170, 2எஸ்ஜே74 இரண்டையும் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. அந்தப் பெயர் அச்சிட்ட போலிகள் மலிவாகச் சுற்றிவருகின்றன. இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலத்தில் இருபதில் ஒன்றுகூட உண்மையானதாக இல்லாமல் நான் ஏமாந்திருக்கிறேன். அதன் கால்களான கேட்டையும் சோர்ஸையும் ஒன்றாக இணைத்து, பத்து வோல்ட்டில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். பிஎல் வகை 6 முதல் 12 மில்லிஆம்பியருக்குள் வர வேண்டும். வராததைத் தூக்கிப் போடுங்கள். லீனியர் சிஸ்டம்ஸ் இன்றும் எல்எஸ்கே170, எல்எஸ்ஜே74 என்று இணையானவற்றைச் செய்கிறது. விலை கூடினாலும் நிம்மதி. மற்றச் சில்லறைப் பொருள்கள் எல்லாம் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் ஒரு காலைப்பொழுதில் வாங்கிவிடலாம்.

#8 பிரிக்ஃபீல்ட்ஸ் புதியவள்

பாயான் பாரு ஐயாவின் விளக்கம் தெளிவாகப் புரிந்தது. முதல் முயற்சிக்கு ஆயர் ஈத்தாம் ஐயா சொன்ன பத்து வாட் சுற்றையே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

#9 செந்தூல் சுருதி

மூன்று வாரம் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஹீட்சிங்க் பக்கத்துக்கு ஒன்றாக, வாட்டுக்கு 0.35 டிகிரி உடையது கிடைத்தது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் புடு பட்டறை அண்ணன் தனிச்செய்தியில் சொன்னபடி, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் உலோக முதுகுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. துளையிட்ட இடத்தில் விட்டுப்போன அலுமினியப் பிசிறு மைக்காவைக் குத்திவிட்டிருந்தது. முதுகு டிரெயின் என்ற காலோடு இணைந்தது, எஃப்5இல் டிரெயின்தான் வெளியீடு என்பதால், அப்படியே மின்சாரம் கொடுத்திருந்தால் வெளியீடு நேரே நில இணைப்போடு குறுக்கே இணைந்திருக்கும். துளையின் விளிம்பை இழைத்து, மைக்காவை மாற்றினேன்.

முதல் முறை 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி, பயஸ் திருகுகள் (ஓய்வு மின்னோட்டத்தை அமைப்பவை) இரண்டையும் சுழியத்தில் வைத்துத் தொடங்கினேன். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, மாஸ்ஃபெட்டோடு தொடரில் உள்ள 0.47 ஓம் ரெசிஸ்டரின் மேல் மல்டிமீட்டரை வைத்து, ஒரு பக்கம் சிறிது, மறு பக்கம் சிறிது என்று மாற்றி மாற்றித் திருகினேன். வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் சுழியத்தை விட்டு விலகாமல் இருக்க இதுதான் முறை. சூடேறச் சூடேற எண் நகர்ந்துகொண்டே இருந்ததால், ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து மீண்டும் மீண்டும் சரிசெய்தேன். 0.54 வோல்ட்டில், அதாவது 1.15 ஆம்பியரில் நிறுத்தினேன்.

ஒலி வந்தது. அதோடு உறுமலும் வந்தது. ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் கேட்கிறது. உள்ளீட்டைக் குறுக்கே இணைத்தாலும் மாறவில்லை. இரண்டு இரவு இதோடு போராடிவிட்டேன், உதவி வேண்டும்.

#10 புடு பட்டறை

உறுமல் 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா? கைப்பேசியில் அலைவெண் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 50 என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ, நில இணைப்பு வளையமோ காரணம். 100 என்றால் கெபாசிட்டர் நிரம்பும் துடிப்பு எங்கோ நில இணைப்பில் கலக்கிறது. நட்சத்திர முனையை (நில இணைப்புகள் எல்லாம் சேரும் இடத்தை) எங்கே வைத்திருக்கிறீர்கள்?

#11 செந்தூல் சுருதி

100 ஹெர்ட்ஸ். நட்சத்திர முனையை டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையும் முதல் வரிசைக் கெபாசிட்டர்களும் சேரும் செம்புப் பட்டையிலேயே வைத்திருக்கிறேன்.

#12 புடு பட்டறை

அங்கேதான் பிழை. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் திருத்தியிலிருந்து வரும் துடிப்பு ஒவ்வொன்றும் அந்தச் செம்புப் பட்டையின் வழியாகத்தான் பாய்கிறது. பட்டையின் தடை மில்லிஓம் அளவுதான் என்றாலும், துடிப்பின் உச்சம் பத்து ஆம்பியரையும் தாண்டும்; சில மில்லிவோல்ட் உறுமலுக்கு அது போதும். ஸ்பீக்கரின் திரும்பு கம்பி, உள்ளீட்டின் நில இணைப்பு எல்லாவற்றையும் அங்கிருந்து கழற்றி, ரெசிஸ்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாம் வரிசைக் கெபாசிட்டர்களின் நடுவிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுத்து, அதன் நுனியில் நட்சத்திர முனையை அமையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து திருத்திக்குப் போகும் கம்பிகளை இறுக்கமாக முறுக்குங்கள். சுவரின் பாதுகாப்பு நில இணைப்பு பெட்டியின் உலோகத்தில் திருகோடு இருக்கட்டும்; உறுமலைப் போக்க அதை ஒருநாளும் கழற்றக் கூடாது. தொலைக்காட்சிப் பெட்டியை இணைக்கும்போது பிறகு 50 ஹெர்ட்ஸ் வளைய உறுமல் வந்தால், நட்சத்திர முனைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு என்டிசி தெர்மிஸ்டரையும் பெரிய திருத்திப் பாலத்தையும் இணையாகப் போட்டு அடக்கலாம்.

#13 ஆயர் ஈத்தாம் வானொலி

பெட்டியை மூடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மேலும் கீழும் காற்றுத்துளை வைப்பீர்கள் அல்லவா, அவற்றின் உள்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணுடைய எஃகு வலை ஒட்டுங்கள். அணைத்த பிறகும் நெடுநேரம் இதமாக இருக்கும் பெட்டியைத் தேடிப் பல்லி வரும். என்னுடைய முதல் ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கிப் பலகையில் ஒரு பல்லி குறுக்கே விழுந்து, அதுவும் செத்து, ஒரு திருத்தியும் எரிந்தது. இடி மின்னல் காலத்தில் சுவிட்சை மட்டும் நம்பாமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

#14 செந்தூல் சுருதி

உறுமல் போய்விட்டது. புடு பட்டறை அண்ணன் சொன்ன இடத்துக்கு நட்சத்திர முனையை மாற்றியதும், வெளியீட்டில் ஒன்பது மில்லிவோல்ட்டாக இருந்தது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. காதை ஸ்பீக்கரின் கூம்பை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது. மேல் விசிறி ஓடும் அறையில் அதுவும் இல்லை.

ஒரு குறை எஞ்சியிருக்கிறது. எஃப்5இன் பெருக்கம் ஐந்தரை மடங்கு அளவுதான். முழு ஆற்றலுக்கு உள்ளீட்டில் இரண்டரை வோல்ட் தேவைப்படுகிறது. என் சிடி கருவி இரண்டு வோல்ட் தருவதால் அதில் குறை தெரியவில்லை. வானொலிக் கருவியை இணைத்து மின்னல் எஃப்எம் கேட்டால், ஒலிக்கட்டுப்பாட்டை முழுக்கத் திருப்பினாலும் அடக்கமாகவே ஒலிக்கிறது. முன் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

நேற்றுப் பிற்பகல் அறை 32 டிகிரி இருந்தபோது மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டேன். ஹீட்சிங்க் 53 டிகிரியில் நின்றது. பெட்டிக்குள் கெபாசிட்டர்களின் அருகே 44. வெளியீட்டின் நேர்மின்னழுத்தம் இடப்பக்கம் நான்கு மில்லிவோல்ட், வலப்பக்கம் ஏழு. நாதஸ்வரக் கச்சேரியில் தனித் தவில் ஆவர்த்தனத்தை மூன்று முறை கேட்டேன். தொப்பியின் அடி விழுந்து, மண்டபத்தின் சுவரைத் தொட்டுத் திரும்பி அடங்கும் வரை காதில் நிற்கிறது.

#15 பாயான் பாரு

தம்பி, 53 டிகிரி நல்ல எண். ஆறு மாதம் கழித்து ஒருமுறை பெட்டியைத் திறந்து, மாஸ்ஃபெட்டை இறுக்கும் திருகுகளைச் சோதித்து, பயஸை மீண்டும் அளந்து இங்கே எழுதுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கை, நீங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சொல்லும்போது முதன்மைச் சுற்றை 240 வோல்ட்டுக்குச் சுற்றித் தரக் கேளுங்கள். சுருதிக்கு வந்த கணக்கில் பாதி உங்களுக்கு வராது.